மட்சுக்கு முதல் சொன்ன சொல்

மகன்,

கடிதத்தின் விஷயத்தை முதல் பந்தியிலேயே சொல்லிவிட வேண்டும், வாசிக்கிறவரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று கொன்வென்ற்றில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர் சொல்லுவார். ஆகவே முதலிலேயே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லோசானில் இருந்து பாடனுக்கு வந்து உன்னுடைய உதைபந்தாட்ட ரீமுக்கு முன்னால் நின்று கதைக்க மாட்டேன். அது மட்டுமல்ல, அன்றைக்கு நீயும் பாடனில் நிற்கக் கூடாது என்பது என் விருப்பம். ஏன் என்பதைச் சொல்லத்தான் மிச்சத் தாள்கள். ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், எனக்கும் கோபம் வந்துவிடும். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும். இதை உன் பொடியள் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. அவர்களும் வாசிக்கட்டும்.

புதன்கிழமை பின்னேரம் நீ ரெலிபோன் எடுத்தபோது நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். உன் தங்கச்சி வேலையால் இன்னும் வீடு திரும்பவில்லை. நீ நெடுநேரம் கதைத்தாய். இந்த வருடத்துக் கடைசி மட்ச் என்றாய். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் ரீம் மற்றக் கல்லூரியின் பழைய மாணவரிடம் தோற்றால் மே மாதத்தில் இருந்து ஓடிய ஓட்டம் எல்லாம் வீண் என்றாய். பொடியள் சோர்ந்து போய்விட்டார்கள், ஒருவன் ரெஸ்ரோறன்ற் குசினியில் இரவு வேலை செய்துவிட்டு வந்து உடுப்பு மாற்றும் அறையிலேயே நித்திரையாகிறான், இன்னொருவனுக்கு விசாவை மறுத்துவிட்டார்கள், பிறக்ரிசுக்குப் பாதிப் பேர்தான் வருகிறார்கள் என்றாய். இதையெல்லாம் கேட்டு எனக்கும் கவலைதான். பிறகு சொன்னாய்: "நீங்கள் வந்து அப்பாவைப் பற்றி ரெண்டு வசனம் கதைச்சால் காணும் அம்மா. எல்லாரும் அழுவாங்கள். அழுதிட்டு இறங்கினால் மற்றவங்களால தாங்கேலாது." அழவைக்க நான் என்ன வெங்காயமோ என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கோல் கீப்பர் அருள்தாஸ் எங்கே, அவன் விளையாடவில்லையா என்று கேட்டேன். "அவன் போன வருசமே விட்டிட்டுப் போயிட்டான். எங்க எண்டும் தெரியேல்லை. நன்றியில்லாதவன்" என்றாய். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அறுந்தது லைன் அல்ல.

நீ உன் அப்பாவின் வழியில் ரீமை நடத்துவதாக எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாய். அதில் உனக்குப் பெருமை, எனக்கும் ஒரு காலம் பெருமையாகத்தான் இருந்தது. கல்லூரி ரீமைப் பழக்கிய அப்பாவின் வழி என்ன என்று உனக்குத் தெரியும். நீயும் அந்த அறைக்குள் இருந்தவன். பெரிய மட்ச் அன்று கல்லூரியின் விஞ்ஞான கூடத்துக்குள் எல்லோரையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒருவனை மட்டும் எழுப்பி நிற்க வைத்து ஏசுவார். பலவீனமானவனை ஒருநாளும் எழுப்பமாட்டார். ரீமிலேயே திறமானவனைத்தான் எழுப்புவார். அவனுடைய நடையை, தலைமயிரை, சோம்பலை, போன மட்சில் அவன் விட்ட பிழையை, ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து காயப் போடுவார். கணக்குப் படிப்பிக்கிற மனுசன், ஒரு படியையும் தவறவிடமாட்டார். ஏச்சு வாங்குகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மற்றப் பொடியள் மூச்சு விடாமல் இருப்பார்கள். பிறகு கதவைத் திறந்துவிடுவார். எல்லோரும் வெளியில் வந்து மாடுகள் மாதிரி ஓடுவார்கள். அந்த ஏச்சுக்குப் பயந்து அல்ல. படிப்பிக்கிற சேர் இவனை ஏசினால் இவனில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். ஏச்சு வாங்கினவனுக்கு அது ஒரு பட்டம். உனக்கும் ஒரு முறை கிடைத்தது. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவாமல் திரிந்தாய்.

இவ்வளவும் உனக்குத் தெரிந்த பாதி. தெரியாத பாதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ அதைக் கண்ணால் கண்டவன், ஆனால் என்ன கண்டாய் என்று உனக்கு விளங்கவில்லை.

மட்ச் நாள் காலையில் அப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று ஒரு பெயர் சொல்லுவார். "இண்டைக்கு அன்ரன்" என்பார். அல்லது "இண்டைக்கு நடராசாவின்ர பொடியன்." வேறொன்றும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். நான் ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போடுவேன். அவன் வேதக்காரனா சைவமா, மீன் மச்சம் தின்பானா என்று மட்டும் விசாரித்து வைப்பேன். வென்றாலும் தோற்றாலும் பின்னேரம் அந்தப் பொடியன் எங்கள் வீட்டுக்கு வருவான். அப்பாவே அவனுக்குப் போட்டுக் கொடுப்பார். வாழ்நாளில் தன் கோப்பையைக் கழுவாத மனுசன், அன்றைக்கு அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மன்னிப்பு என்று ஒரு சொல் வராது, மட்சைப் பற்றி ஒரு கதை வராது. ஊரில் நெல் எப்படி, அப்பரின் காச்சல் சுகமோ, இதுதான் கதை. பொடியன் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிடுவான். சாப்பிட்டு முடிய அவன் சாப்பாட்டுக்கு வந்தவனாகப் போவான், ஏச்சு வாங்கினவனாகப் போகமாட்டான். நீ அந்த மேசையில்தான் இருந்தாய். பெரிய மீன் துண்டு அவனுக்குப் போகிறது என்று முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தாய். போர்டிங்கில் சாம்பார் தண்ணி, அதுதான் பொடியள் இங்கே வருகிறார்கள் என்று நினைத்திருப்பாய். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

ஒரே ஒரு முறை அது தவறியது. என் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு நான் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தேன். அன்றைக்கு ஏச்சு வாங்கினவன் மன்னாரில் இருந்து வந்து போர்டிங்கில் நின்ற அருள்தாஸ். மட்ச் தோல்வி. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா பேக்கரியில் பாணும், சந்திக் கடையில் சம்பலும் வாங்கிக்கொண்டு, மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போர்டிங்குக்குப் போனாராம். வாசலில் நின்ற பிரதர், என்ன மாஸ்டர் இந்த நேரத்தில் என்று கேட்டதற்கு, இவனுக்கு ஒரு கணக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று சொன்னாராம். போர்டிங் விறாந்தையில் இரண்டு பேரும் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டார்களாம். நான் வந்த பிறகு என்னிடம் சொன்னார். எப்போதும் அதிகம் கதைக்காதவர், அன்றைக்கு மட்டும் இன்னொரு வார்த்தையும் சொன்னார். "ஏசலாம். ஆனா தாயையும் தகப்பனையும் தொடக்கூடாது. வீட்டில இல்லாததைத் தொடக்கூடாது. பின்னேரம் சோறு போட்டு மாத்தேலாத ஏச்சை ஏசக்கூடாது." இதை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் போன வருடம் பாடனில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கமாட்டாய்.

எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது யோசிப்பாய். அருள்தாஸ் இங்கே, லோசானில் இருக்கிறான். கண் காட்டுவதற்கு உன் தங்கச்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கண்டேன். நீண்ட கொரிடோரில் ஒருவன் நிலம் துடைத்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரே இடத்தைத் துடைத்தான். எனக்கு ஒரு கண் மங்கல்தான், ஆனால் கோலுக்குள் நிற்கிறவனின் தோள் எனக்குத் தெரியும். கிட்டப் போய், "அருள்தாஸ், ஒரே இடத்தைத் துடைச்சால் மிச்ச இடம் ஆர் துடைக்கிறது?" என்று கேட்டேன். துடைக்கிற தடியை விடாமலே அழுதான். வளர்ந்த ஆம்பிளை. நான் உன் தங்கச்சியைப் போய் இருக்கச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் நின்றேன். அவனுடைய மேற்பார்வைக்காரி வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். கொன்வென்ற்றில் எங்களுக்கு ஆங்கிலம்தான் சொல்லித் தந்தார்கள். இவன் என் மகனுடைய சிநேகிதன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது. போய்விட்டாள்.

அவன் இங்கே ஒரு தமிழரோடும் பழகுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் பூசைக்கு வருவான், கடைசி வாங்குப் பலகையில் இருப்பான், ஆசீர்வாதத்துக்கு முதல் எழும்பிப் போவான். நான் அதற்குப் பிறகு கடைசி வாங்கில் போய் இருக்கத் தொடங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். உன்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நடந்ததை நடந்தபடி சொன்னான். போன வருடம் ஒக்டோபர், இதே மட்ச், இதே இடம். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் பொடியளை இருத்தி, கதவைச் சாத்தி, அருள்தாசை எழுப்பினாய். அவனுடைய தாய் மன்னாரில் செத்து அப்போது சில கிழமைகள்தான். விசா இல்லாதவன், இங்கிருந்து போனால் திரும்பி வரமுடியாது, போய் இறங்கினாலும் சண்டையால் மன்னார் வரைக்கும் பாதை இல்லை. இது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீ சொன்னாய்: "பெத்த தாயின்ர செத்தவீட்டுக்கும் போகாதவன் நீ. நீ எங்கட கோலையோ காக்கப் போறாய்?"

நீ சொன்னது இதுதானே? நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

அவன் அன்றைக்கு விளையாடியது போல யாரும் விளையாடவில்லை என்று நீயே ரெலிபோனில் எனக்குச் சொன்னாய். எனக்கு அது ஞாபகம். "அம்மா, மனுசனில்லை, சுவர்" என்றாய். ஒரு பெனால்டியைப் பிடித்தான், ஆட்களின் காலுக்குள் பாய்ந்தான், நெற்றி வெடித்து இரத்தம் வந்தும் வெளியில் வரவில்லை. நீங்கள் வென்றீர்கள். கப்பைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்தீர்கள். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினாய். அதில் கோல் கீப்பர் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவன் சேறு அப்பிய உடுப்போடு பாடன் ஸ்ரேசனில் நின்றிருக்கிறான். ஏன் அங்கே நின்றாய் என்று கேட்டேன். "சேரின்ர வீட்டுப் பழக்கம் அன்ரி. ஏச்சு வாங்கினால் பின்னேரம் கூப்பிடுவினம். உங்கட மகன் வருவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." எத்தனையோ ரயில்களை விட்டுவிட்டு நின்றானாம். நீங்கள் எல்லோரும் வான் வண்டி பிடித்துச் சூரிச்சுக்குப் போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டீர்கள்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நீ அவனை மறந்துவிட்டாய். வென்றவர்களுக்கு அது சுலபம். ஆனால் இந்த நாட்டில் ஏச்சு வாங்கினவன் எங்கே போவான் என்று நீ ஒரு கணம் நினைக்கவில்லை. ஊரில் உன் அப்பா ஏசினால் அது கல்லூரி மதிலுக்குள் நடக்கும். பொடியன் வெளியில் வந்தால் ஒரு தாய் இருக்கும், ஒரு தமக்கை இருக்கும், குறைந்தது எங்கள் வீட்டு மேசை இருக்கும். இங்கே நீ ஏசுகிற ஒவ்வொருவனும் ஒரு அறைக்குள் தனியப் போய், வேலை உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டு, நீ சொன்னதோடு படுக்கிறவன். அடுத்த நாள் அதோடு எழும்பி வேலைக்குப் போகிறவன்.

இனி நான் எழுதப் போவது எனக்கும் சுலபமில்லை. அருள்தாசுக்கு நீ சொன்ன சொல்லைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஆச்சரியம் வரவில்லை. அந்தச் சொல் உன்னிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. உன் அப்பாவின் செத்தவீட்டுக்கு நீ வரவில்லை. வரமுடியாது. பாதை பூட்டி, தந்தி போய்ச் சேராமல், அவர் மண்ணுக்குள் போய் எவ்வளவோ நாள் கழித்துத்தான் உனக்குச் செய்தியே கிடைத்தது. யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் உனக்கு எழுதிய கடிதங்களில் எப்படிப் பூசை நடந்தது, எந்தப் பங்குச் சுவாமி வந்தார், யார் யார் வந்தார்கள் என்று எல்லாம் எழுதினேனே தவிர, நீ வராதது பிழையில்லை என்று ஒரு வரி எழுதவில்லை. முதல் வருடம் எனக்கு மனத்தாங்கல் இருந்தது, உண்மை. பிறகு அது போய்விட்டது. போனதை உனக்குச் சொல்லவில்லை. தாய் சொல்லித்தான் மகனுக்குத் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: அதில் உன் பிழை ஒன்றுமில்லை. நீ உனக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த ஏச்சைத்தான் அன்றைக்கு இன்னொருவனின் தலையில் போட்டாய்.

இன்னொன்றும் உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன், வேண்டுமென்றே. எழுதினால் உனக்குத் தாங்காது என்று நினைத்தேன். அப்பாவின் பெட்டியைப் புதைக்கச் சேமக்காலைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் போதவில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரம், வந்தவர்கள் எல்லாம் கிழவர்கள். தலைமாட்டின் வலப்பக்கம் மகன் பிடிக்கிற இடம் என்று அந்த இடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். அப்போது சைக்கிளில் வந்து இறங்கி, ஒருவரிடமும் கேட்காமல் அந்த இடத்தில் தோள் கொடுத்தவன் அருள்தாஸ். சேமக்காலை வரைக்கும் தோள் மாற்றவில்லை. முதல் பிடி மண்ணைப் போடும்போது மட்டும் பின்னுக்கு வந்து, "அது தம்பி போடவேண்டியது அன்ரி, நீங்கள் போடுங்கோ" என்றான்.

அந்த அறைக்குள் நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது அவனுடைய வாய்க்குள் இதற்குப் பதில் இருந்தது. உன் ரீமுக்கு முன்னால் ஒரு வசனம் சொல்லியிருந்தால் நீ நின்ற இடத்தில் விழுந்திருப்பாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏச்சு வாங்குறவன் வாய் திறக்கக் கூடாது. சேரின்ர சட்டம்" என்றான். உன் அப்பாவின் வழியில் நடக்கிறவன் யார் என்று நீயே யோசித்துப் பார்.

என் வயதில் எனக்குப் புத்திமதி சொல்லும் ஆசை குறைந்துவிட்டது. கேட்கிற ஆசை உனக்குக் குறையவில்லை என்றால் ஒன்று சொல்லலாம். ஒரு மனுசனைக் கொதிக்க வைப்பது பெரிய கெட்டித்தனம் இல்லை. அவனுக்கு எங்கே நோகும் என்று தெரிந்தால் யாரும் செய்யலாம். இந்த நாட்டில் எங்கள் பொடியளுக்கு எங்கே நோகும் என்று கண்டுபிடிக்கத் தேவையே இல்லை, எல்லோருக்கும் ஒரே இடம்தான். உன் அப்பா அந்த இடத்தைத் தொடாமல் வேறு இடம் தேடிக் கண்டுபிடிப்பார், அதுதான் அவருடைய கெட்டித்தனம். என்னைக் கூப்பிட்டு அழவைத்துப் பொடியளை மைதானத்தில் இறக்கப் பார்த்தாயே, அதுவும் அதே நோவைத் தொடுகிற வேலைதான். அவர்கள் அழுதால் ஓடுவார்கள், எனக்குத் தெரியும். அருள்தாசும் ஓடினான். இரவு வேலை செய்துவிட்டு வருகிற அந்தப் பொடியனை அரை மணித்தியாலம் நித்திரை கொள்ள விடு. விசா மறுக்கப்பட்டவனை மட்ச் முடியத் தனியே அனுப்பாதே. அவ்வளவு செய்தால் அவர்கள் ஓடுகிற ஓட்டம் காணும். தோற்றால் தோற்கட்டும். மற்றக் கல்லூரியும் எங்கள் ஊர்தான்.

இப்போது அவசரமான விஷயம். அருள்தாஸ் ஊருக்குத் திரும்பிப் போகிறான். தானே போகிறேன் என்று அகதி அலுவலகத்தில் கையெழுத்து வைத்துவிட்டான். யாரும் அவனை அனுப்பவில்லை. கொழும்பில் போய் இறங்கி, லொட்ஜில் நின்று, பாதை திறந்தால் மன்னாருக்குப் போய்த் தாயின் கல்லறையைப் பார்க்க வேண்டுமாம். நான் கொழும்பில் நின்றுதான் இங்கே வந்தேன். மன்னார் அடையாள அட்டையோடு ஒரு இளம் ஆம்பிளை கொழும்பில் எத்தனை நாள் வெளியில் நடப்பான் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். லொட்ஜில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பொடியளின் தாய்மார்களோடு நான் ஒரே வாங்கில் இருந்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் பிள்ளை திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம் அன்ரி" என்றான். பிறகு, "போகாதவன் எண்டு ஒருத்தரும் இனிச் சொல்லேலாது" என்றான். உன் தங்கச்சியும் கெஞ்சிப் பார்த்தாள். சுவாமியும் கதைத்தார். நாங்கள் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் இல்லை, ஆகவே அதைத் திருப்பி எடுக்க எங்களால் முடியாது.

அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கிருந்து ஜெனீவா விமான நிலையத்துக்குப் போகிறான். ஏறும் வரைக்கும் மனம் மாறலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். உனக்குச் சனிக்கிழமை பின்னேர ஷிப்ட் என்று தெரியும், ஆகவே நீ வருவதென்றால் ஞாயிறு காலை நீ இருக்கிற வில் நகரத்தில் இருந்து முதல் ரயில்தான். மட்ச் பாடனில் இரண்டு மணிக்கு. இரண்டு இடத்திலும் நிற்க முடியாது, நேர அட்டவணையை உன் தங்கச்சி பார்த்துவிட்டாள். நீ இல்லாமல் ரீம் என்ன செய்யும் என்று கேட்பாய். பதினொரு பேர் ஓடுவார்கள், வேறென்ன. உன்னைப் போலக் கத்துவதற்கு அங்கே ஆள் இல்லாமல் போகாது.

நீ வந்தால் அவன் நிற்பான் என்று நான் உறுதி சொல்லவில்லை. அவன் பிடிவாதக்காரன். நீ வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவன் அதைக் கேட்டுக்கொண்டும் விமானம் ஏறலாம். அப்படி ஏறினால் உனக்கு மட்சும் போகும், அவனும் போவான். அதையும் தெரிந்துகொண்டுதான் வரவேண்டும். வந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே. அப்பா அப்படித்தான் செய்வார் என்று சொல்லாதே. நாங்கள் எல்லோரும் போகமுடியாதவர்கள்தானே என்று ஞாயம் கதைக்காதே. சொன்னது பிழை என்று சொல். உன் தகப்பனின் பெட்டியைத் தூக்கினதை இப்போதுதான் அம்மா சொன்னா என்று சொல். அதற்கு மேல் உன் நாக்கு வராது, வரவும் தேவையில்லை.

இந்தக் கடிதம் எழுதப் போவதாக நேற்றுப் பின்னேரம் அவனிடம் சொன்னேன். ஏரிப் பக்கம் முழுக்க மூடுபனி, பஸ் வருவதே கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பாடனிலயோ மட்ச்?" என்று கேட்டான். ஓம் என்றேன். "கோலுக்கை ஆர் நிக்கிறது?" தெரியாது என்றேன். பஸ் வந்து கதவு திறந்து பூட்டிப் போனது, அவன் ஏறவில்லை. "மற்ற ரீமின்ர பத்தாம் நம்பர் பெனால்டி அடிக்கேக்கை கீப்பரின்ர முகத்தைப் பாத்துக்கொண்டுதான் ஓடி வருவான். பயப்பிட வேண்டாம். எப்பவும் கீப்பரின்ர இடக்கைப் பக்கம்தான் அடிப்பான், நிலத்தோடை. கடைசி வரைக்கும் அசையாமல் நிக்கச் சொல்லுங்கோ. நிக்கிற பொடியனுக்குச் சொல்லச் சொல்லி எழுதுங்கோ அன்ரி."

எழுதிவிட்டேன். உன்னோடு இருக்கிற பொடியளில் ஒருவனிடம் இதைச் சொல்லிவிடு, அவன் போய்க் கோல் கீப்பருக்குச் சொல்லட்டும். நீ இங்கே வா.

அம்மா